குட்டி மெலிந்தால் யாரைக் கேட்பது?

அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்குத் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வெளியிலும் பேர் உண்டு. குட்டி வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவி எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு. அப்படிப் பார்த்து வாங்கிப்போன குட்டி மூன்று மாதத்தில் எலும்பும் தோலுமாக நின்றால் ஊரில் முதலில் என்ன கேட்பார்கள்? என்ன தீவனம் வைத்தாய், எங்கே கட்டினாய், குடற்புழுவுக்கு மருந்து ஊற்றினாயா என்றுதான் கேட்பார்கள். விற்றவர் நோய்க்குட்டியைத் தலையில் கட்டிவிட்டாரோ என்பது அடுத்த சந்தேகம். குட்டியின் வாகே அப்படியோ என்பது அதற்கும் பின்னால் வரும். இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் கையில் முடிவுகள் இருந்தனவோ, அவரிடம் முதல் கேள்வி போகிறது. விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். பதினேழு, பதினெட்டு வயதில் நாடே கொண்டாடிய ஒரு பையன் இருபத்திரண்டு வயதில் காணாமல் போனால், தலைக்கனம் வந்துவிட்டது என்கிறோம், உழைப்பு போதவில்லை என்கிறோம், அவ்வளவுதான் சரக்கு என்கிறோம். வழக்கு அதோடு முடிந்துவிடுகிறது. அவனைத் தேர்ந்தெடுத்தவர்கள், அவசரமாக இறக்கிவிட்டவர்கள், சத்தமில்லாமல் வெளியே விட்டவர்கள் யாரும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மிகத் தெளிவான சான்று லட்சுமணன் சிவராமகிருஷ்ணன். 1965 டிசம்பர் 31 அன்று பிறந்தவர், லெக் ஸ்பின்னர். 16 வயதில் ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில் தில்லிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 28 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 1983 ஏப்ரல் 28 அன்று, 17 வயதும் 118 நாளும் நிறைந்திருந்தபோது, ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் இறக்கப்பட்டார். அன்றைக்கு உலகத்திலேயே வலுவான அணி அது. அந்த டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகள் 550 ரன் குவித்தது. நான்கு பேர் சதம் அடித்தார்கள். பிறகு 1984 நவம்பர் இறுதியில் இங்கிலாந்து வந்தபோது, மும்பை வான்கடே மைதானத்தில் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6 என்று 12 விக்கெட் எடுத்து, மூன்று ஆண்டுகளாக டெஸ்ட் வெற்றி காணாமல் தவித்த இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அடுத்து தில்லியிலும் ஓர் இன்னிங்ஸில் 6 விக்கெட். 1985 மார்ச்சில் மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் மியாண்டட் இவர் பந்தில் இறங்கி வந்து ஸ்டம்பிங் ஆனதை இன்றைக்கும் சொல்லிக்காட்டும் பெரியவர்கள் உண்டு. அப்போது அவருக்கு 19 வயது. 1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். அந்த ஆட்டம் தொடங்கும்போது அவருக்கு 20 வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அதில் 23 அந்த இங்கிலாந்துத் தொடர் ஒன்றிலேயே வந்தவை. 1987 உலகக் கோப்பையில் ஓரிரு ஆட்டங்களுக்குத் திரும்பி வந்தார். அதோடு சரி. மற்றவர்கள் தொழிலைக் கற்கத் தொடங்கும் வயதில் இவருடைய கதை முடிந்துபோனது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பதற்கு முன், லெக் ஸ்பின் என்ன மாதிரி வேலை என்பதைப் பார்க்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பும் ஓட்டமும் பெரும் பலம். லெக் ஸ்பின்னர் மணிக்கட்டை நம்புகிறவர். பந்து கையிலிருந்து விடுபடும் கணத்தில் மணிக்கட்டு அரை விரற்கடை திரும்பினால் லெக் பிரேக், இன்னும் கொஞ்சம் திரும்பினால் மேல்சுழல், இன்னும் திரும்பினால் எதிர்ப்பக்கம் போகும் கூக்ளி. இந்த மூன்றும் ஒரே கைவீச்சில் வர வேண்டும், சரியான இடத்தில் விழவும் வேண்டும். பத்துப் பந்தில் எட்டு சரியாக விழுந்து இரண்டு பாதிப் பிட்ச்சிலேயே குத்தினால் அந்த இரண்டும் பவுண்டரிக்குப் போகும். பெரும்பாலான லெக் ஸ்பின்னர்கள் இருபத்தைந்துக்கு மேல்தான் முழுமையடைவார்கள். அதுவரைக்கும் அவர் அடி வாங்கிக்கொண்டேதான் கற்க வேண்டும். அடி விழும்போது கேப்டன் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பவுண்டரி போனதும் பந்தைப் பிடுங்கிவிட்டால், பையன் அடுத்த முறை பந்தைத் தூக்கி வீசப் பயப்படுவான். தட்டையாக, வேகமாக வீசத் தொடங்குவான். ரன் குறையும், ஆனால் பந்து காற்றில் வளைந்து இறங்கி பேட்ஸ்மேனை ஏமாற்றும் அந்த வித்தை போய்விடும். தன் தொழிலைத் தானே சுருக்கிக்கொண்ட லெக் ஸ்பின்னரை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ‘பழைய மாதிரி இல்லையே’ என்பார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள்.

1984-ல் அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன கிடைத்தது? இந்திய அணிக்கு அப்போது பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது. மேலாளர் இருந்தார், பயணம், தங்குமிடம், அலுவல் அவருடைய பாடு. பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்ற சொல்லே பழக்கத்துக்கு வரவில்லை. தேசிய கிரிக்கெட் அகாடமி பெங்களூரில் தொடங்கியது 2000-ல். சென்னையில் எம்ஆர்எஃப் நிறுவனம் டென்னிஸ் லில்லியை அழைத்து வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியது 1987-ல். சிவராமகிருஷ்ணனின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்த அடுத்த ஆண்டு. அவருடைய சொந்த ஊரிலேயே வேகப்பந்து வீச்சாளர்களுக்கு உலகத்தின் தலைசிறந்த ஆசான் வந்து சேர்ந்தார். மணிக்கட்டை நம்பிய பையனுக்கு அப்படி யாரும் வரவில்லை. இதற்கிடையில் அணியின் தலைமையும் கவாஸ்கரிடமிருந்து கபில் தேவிடம் போனது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கேப்டன் மாறும்போது, பழைய கேப்டனின் மனதில் மட்டும் இருந்த வளர்ப்புத் திட்டமும் அவரோடு போய்விடுகிறது என்பதுதான் விஷயம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் வாழ்நாள் முழுதும், சொந்த நாட்டிலேயே, நிறத்தை வைத்து அவமதிக்கப்பட்டதாக 2021-ல் சிவராமகிருஷ்ணன் வெளிப்படையாக எழுதினார். பதினேழு வயதில் வீட்டைவிட்டு மாதக்கணக்கில் வெளிநாட்டில் சுற்றிய ஒரு கறுத்த பையன் மனதில் எதையெல்லாம் சுமந்துகொண்டு பந்து போட்டான் என்பதை நாம் நாற்பது ஆண்டு கழித்துத்தான் கேட்கிறோம். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டிய பொறுப்பு அணியில் எவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஆண்டுதோறும் சண்டை போட்டுக் கேட்கிறார்கள். அங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. நீள்வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். ஒவ்வொரு நகர்விலும் பந்தை வாங்கி, மூன்று நான்கு விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் ஆளுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அணியின் தலைவிதியே அவர் கையில் என்பார்கள். ஆனால் அவர் அந்த முடிவை எடுக்க, எதிரணியின் ராட்சத ஆட்கள் அவரை வந்து மோதாமல் முன்னால் ஐந்து பேர் தடுத்து நிற்க வேண்டும். எறிகிற பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும். எந்த ஆட்டத்துக்கு எந்தத் திட்டம் என்று சொல்லப் பயிற்சியாளர் வேண்டும். கல்லூரியில் ஆடும் சிறந்த இளைஞர்களை ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஆக, நாட்டின் மிகச் சிறந்த இளைஞன் போய்ச் சேருவது பெரும்பாலும் நாட்டின் மிக மோசமான அணியில். 2002-ல் டேவிட் கார் என்பவரை முதல் ஆளாக எடுத்த ஹூஸ்டன் அணி அந்த ஆண்டுதான் புதிதாகக் களமிறங்கியது. தடுப்பு வரிசை சரியாக அமையவில்லை. ஒரே பருவத்தில் 76 முறை அவர் பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அந்த லீக்கில் அப்படி ஒரு கணக்கு அதற்குமுன் இருந்ததில்லை. அவர் சொதப்பிவிட்டார் என்று ஊர் சொன்னது. நம் லெக் ஸ்பின்னரின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் ஆட்டம் வேறு, நாடு வேறு, முடிச்சு ஒன்று என்பது தெரியும். எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்கிறவன் ஒருவன். அவன் நன்றாக ஆடுவதைத் தீர்மானிப்பவர்கள் வேறு பலர்.

பொறுப்பு யாருடையது என்பதை அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. சோதித்துப் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, ஒரே இடத்துக்கு வந்த வெவ்வேறு பையன்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்பது. சிவராமகிருஷ்ணன் காலத்து இந்திய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். இடதுகைச் சுழல் பந்து வீச்சாளர் மணிந்தர் சிங் 1982 டிசம்பரில் 17 வயதில் டெஸ்ட் ஆடத் தொடங்கினார். பிஷன் சிங் பேடியின் வாரிசு என்று கொண்டாடப்பட்டார். 35 டெஸ்டில் 88 விக்கெட் எடுத்தார், இருபதுகளின் நடுவிலேயே பந்துவீச்சின் லயம் அவர் கையை விட்டுப் போனது. மெல்போர்ன் வெற்றியில் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பெயர் வாங்கிய விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத்துக்கு மொத்தம் 3 டெஸ்டுதான் வாய்த்தது. 1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 19 வயது நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டை 136 ரன்னுக்கு எடுத்தார். முதல் 4 டெஸ்டில் 36 விக்கெட். அதன்பின் அவருக்குக் கிடைத்தவை 13 டெஸ்ட், 30 விக்கெட். சென்னை, தில்லி, பெங்களூர், இந்தூர் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு குடும்பங்களிலிருந்து, வெவ்வேறு குணத்தோடு வந்தவர்கள் இவர்கள். ஆறாண்டுக்குள் வந்த நால்வரும் சீக்கிரம் எரிந்து சீக்கிரம் அணைந்தார்கள் என்றால், நால்வருக்கும் தலைக்கனம் என்று சொல்வது எளிது, நம்புவது கடினம். ஒரே வயலில் நான்கு ரகத் தக்காளி நாற்றும் வாடினால் விவசாயி நாற்றங்காலைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டார், மண்ணைத்தான் கிளறிப் பார்ப்பார்.

இரண்டாவது வழி இன்னும் வலுவானது: அதே ஆள், வேறு இடம். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் 1992 ஜனவரியில், சிவராமகிருஷ்ணன் கடைசியாக ஆடிய அதே சிட்னி மைதானத்தில், இந்தியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடினார். கிடைத்தது 150 ரன்னுக்கு 1 விக்கெட். அதுவும் 206 ரன் அடித்து முடித்த ரவி சாஸ்திரியின் விக்கெட். அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பு டெஸ்டின் முதல் இன்னிங்ஸ் முடிந்தபோது அவருடைய மொத்தக் கணக்கு 335 ரன்னுக்கு 1 விக்கெட். இந்தக் கணக்கை வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆட்டம் இழுபறியில் நின்ற கடைசி நேரத்தில் கேப்டன் ஆலன் பார்டர் பந்தை அவர் கையில்தான் கொடுத்தார். வார்ன் ஒரு ரன்னும் கொடுக்காமல் கடைசி மூன்று விக்கெட்டையும் எடுத்தார். ஆஸ்திரேலியா 16 ரன்னில் வென்றது. பார்டரின் நம்பிக்கைக்குப் பின்னால் இன்னொருவரும் இருந்தார். அடிலெய்டில் டெர்ரி ஜென்னர் என்ற முன்னாள் லெக் ஸ்பின்னர் வார்னின் மணிக்கட்டையும் மனதையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். வார்ன் 708 விக்கெட்டோடு முடித்தார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 335-க்கு 1 என்று நின்ற இடத்தில் அவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பேர் இல்லாத லெக் ஸ்பின்னரின் கணக்கு அங்கேயே நின்றிருக்கும்.

வெளிநாட்டுச் சான்று எதற்கு, நம் சேலம் சின்னப்பம்பட்டியைப் பார்த்தாலே போதும். அங்கே டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டு வளர்ந்த தங்கராசு நடராஜன், தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட்டத்தில் இறங்கிய தொடக்கத்திலேயே பந்தை விதிப்படி வீசாமல் எறிகிறார் என்ற சந்தேகத்துக்கு ஆளானார். கிராமத்துப் பையனின் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கும். முன்னாள் சுழல் பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் போன்றவர்கள் உட்கார்ந்து கைவீச்சைத் திருத்திக் கொடுத்தார்கள். திரும்பி வந்து 2016-ல் டிஎன்பிஎல் முதல் பருவத்தில் அவர் ஆடியது நம் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு. 2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு வாங்கியது; 6 ஆட்டத்தில் 2 விக்கெட். அடுத்த ஆண்டு அவர் விலை 40 லட்சத்துக்கு இறங்கியது. வாங்கிய ஹைதராபாத் அணி இரண்டு பருவம் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. அதேசமயம் விட்டுவிடவும் இல்லை, முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த அந்த முகாமில் அவர் நெட்ஸில் வீசிக்கொண்டே இருந்தார். 2020-ல் இறக்கினார்கள். 16 விக்கெட். அந்த ஆண்டு டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். 2017-ல் 2 விக்கெட் எடுத்த நடராஜனும் 2020-ல் ஆஸ்திரேலியா போன நடராஜனும் ஒரே ஆள்தான். உழைப்பு இரண்டு இடத்திலும் இருந்தது. நடுவில் மாறியது, காத்திருக்கத் தெரிந்த ஒரு நிர்வாகம்.

வருண் சக்கரவர்த்தியின் கதையும் அந்தத் தடத்தில்தான் போகிறது. 2018-ல் மதுரை பாந்தர்ஸ் அணியில் ஆடி டிஎன்பிஎல் கோப்பை வென்றவரை அந்த டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. ஆடியது ஒரே ஆட்டம். அதன் முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. காயம், வெளியேற்றம். கொல்கத்தா அணி 4 கோடிக்கு எடுத்து வைத்துக்கொண்டது. 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்தில் விக்கெட்டே இல்லாமல் இந்திய அணியிலிருந்து விடுபட்டபோதும் கொல்கத்தா அவரை விடவில்லை. பந்தைப் பக்கவாட்டில் சுழற்றிக்கொண்டிருந்தவர் மேல்சுழலுக்கு மாறினார், அந்த மாற்றத்துக்கு இரண்டாண்டு பிடித்தது என்று அவரே சொன்னார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்தார், 33 வயதில். அமெரிக்காவிலும் இதற்கு நேர் இணை உண்டு. சாம் டார்னால்டை நியூயார்க் ஜெட்ஸ் அணி 2018-ல் மூன்றாவது ஆளாக எடுத்து, மூன்றாண்டில் கைவிட்டது. அவர் இரண்டு அணி மாறி, ஓர் ஆண்டு மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்து கற்றபின், 2024-ல் மினசோட்டா அணியை 17 ஆட்டத்தில் 14 வெற்றிக்குக் கொண்டுபோனார். ஜெட்ஸில் அவர் தோற்றதற்குக் காரணம் அவர் மட்டும் என்றால் மினசோட்டாவில் ஜெயித்தது யார்?

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடிய வாதம் அனில் கும்ப்ளே. அவரும் அந்தக் காலத்து இந்திய அணிக்கு வந்த லெக் ஸ்பின்னர்தானே? 1990-ல் மான்செஸ்டரில் அறிமுகமானார், உடனே வெளியே போனார், இரண்டாண்டு உள்ளூரில் உழைத்துத் திரும்பி வந்தார், 619 விக்கெட் எடுத்தார். ஆக, நெஞ்சுரம் இருந்தால் இடம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கும்ப்ளேயின் நெஞ்சுரத்தை மறுப்பவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் அவர் திரும்பி வந்த 1992-க்குப் பின் நடந்ததையும் பாருங்கள். அசாருதீன் தலைமையில் உள்நாட்டில் சுழலை நம்பி ஆடுவது என்று அணி தெளிவாக முடிவெடுத்தது. ஒவ்வொரு டெஸ்டிலும் கும்ப்ளேதான் முதல் ஆயுதம் என்ற உறுதி இருந்தது. ஒரு மோசமான ஆட்டத்தோடு இடம் போகாது என்று அவருக்குத் தெரியும். மேலும் அவர் பந்தைக் காற்றில் தூக்கி வளைப்பதைவிட வேகத்தையும் எழும்பலையும் நம்பியவர். அடி வாங்கிக் கற்கும் காலம் அவருக்குக் குறைவு. சச்சினைச் சொல்கிறவர்களுக்கும் பதில் இதுதான். 16 வயதில் வந்து 24 ஆண்டு ஆடியவருக்கு மும்பையில் ரமாகாந்த் ஆச்ரேக்கர் என்ற ஆசான் இருந்தார். ஒவ்வொரு இன்னிங்ஸையும் உட்கார்ந்து பேச அண்ணன் அஜித் இருந்தார். தனியாக நின்று ஜெயித்தவர் என்று நாம் கைகாட்டும் ஒவ்வொருவரையும் அருகில் போய்ப் பார்த்தால் அவர் தனியாக நிற்கவில்லை என்பது தெரிகிறது.

இரண்டாவது வாதம், எதிராளிகள் சிவராமகிருஷ்ணனின் பந்தைப் படித்துவிட்டார்கள் என்பது. இதில் உண்மை உண்டு. 1985 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணான சேப்பாக்கத்தில் கேட்டிங் 207, ஃபவுலர் 201 என்று ஒரே இன்னிங்ஸில் இரண்டு இரட்டைச் சதம் போனது. மும்பையில் திணறிய அதே இங்கிலாந்து, ஒன்றரை மாதத்தில் தடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் எந்தப் பந்து வீச்சாளரையும் ஒருநாள் படித்துத்தான் விடுவார்கள். அன்றைக்குத்தான் அவனுக்கு ஆசான் தேவை. படிக்கப்பட்டபின் இரண்டாவது பாடத்தை எழுதக் கற்றுக்கொள்கிறவன் நிலைக்கிறான். வருணுக்கு அதற்கு இரண்டாண்டு கொடுக்கப்பட்டது. சிவராமகிருஷ்ணனுக்கு சேப்பாக்கத்திலிருந்து சிட்னி வரை ஓராண்டுகூட முழுதாக இல்லை.

மூன்றாவது வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். தேசிய அணி பள்ளிக்கூடம் இல்லை, ஜெயிப்பதுதான் அதன் வேலை, பையனை வளர்த்துக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை என்பார்கள். சரி. அப்படியானால் 17 வயதில் அவனை எடுக்காதீர்கள். வளர்ந்து முடிந்த ஆளை எடுக்கலாமே? வளர்ந்து முடியாதவனை, அவன் வளர்ந்தால் என்ன ஆவான் என்ற கணக்கில் எடுத்தவர், அந்த வளர்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நட வேண்டிய நாற்றைப் பத்தாம் நாள் பிடுங்கி நட்டவர், வெயில் தாங்கவில்லையே என்று நாற்றைக் கோபித்துக்கொள்ள முடியுமா? கான்சாஸ் சிட்டி அணி 2017-ல் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தபோது, அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க உட்காரவைத்தது. அடுத்த பருவத்திலேயே அவர் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். காத்திருக்க வைப்பதும் ஒரு பயிற்சிதான். ஆனால் அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும், மறந்துவிட்டுச் செய்யக் கூடாது.

பையனுடைய பங்கு என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. காலையில் எழுந்து ஓடுவது, நெட்ஸில் ஏமாற்றாமல் வீசுவது, சொன்னதைக் கேட்பது, தூக்கம், சாப்பாடு, குடியைத் தொடாமல் இருப்பது எல்லாம் அவனுடையவை. அதில் தவறியவர்களும் உண்டு. 2007-ல் அமெரிக்காவில் முதல் ஆளாகத் தேர்வான ஜமார்கஸ் ரசல், மூன்று பருவத்தில் வெளியேறினார். உடல் எடையும் ஆயத்தமின்மையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அவரை நான் காப்பாற்ற வரவில்லை. பொறுப்பு என்பது அதிகாரத்தின் நிழல் என்பதே என் தரப்பு. எவ்வளவு முடிவு ஒருவர் கையில் இருந்ததோ அவ்வளவு பொறுப்பு அவருடையது. எப்போது இறங்குவது, எத்தனை ஓவர் வீசுவது, எந்தக் களத்தடுப்பு, யாரிடம் கற்பது, எப்போது வெளியேறுவது என்ற ஐந்தில் ஒன்றைக்கூட 19 வயது சிவராமகிருஷ்ணன் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்களில் ஒருவர்கூட அவர் விஷயத்தில் தோற்றுப்போனவர் என்று எழுதப்படவில்லை. பெற்றோர் பங்கும் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பிள்ளையை அனுப்பி வைப்பது வரைக்கும்தான். அதற்கப்பால் நடப்பதை அவர்களும் டிவியில்தான் பார்க்கிறார்கள்.

திண்டுக்கல்லில் நிலைமை முன்புபோல இல்லை. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம் வந்தது. டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன, ரஞ்சி ஆட்டமும் நடந்தது. 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையே வென்றது. அய்யலூர்ப் பையன் ஒருவனுக்குச் சேப்பாக்கம்தான் கிரிக்கெட் என்றிருந்த காலம் போய், வடமதுரை வழியாகப் பஸ் ஏறித் திண்டுக்கல், அங்கிருந்து நத்தம் என்று ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பும் தூரத்தில் விளக்கொளி ஆட்டம் இருக்கிறது. கண்டுபிடிக்கும் வேலை நன்றாகவே நடக்கிறது. ஏலத்தில் ஆள் எடுக்க டிஎன்பிஎல் பக்கம் வரும் ஐபிஎல் அணிகள் சந்தைக்கு வரும் வியாபாரி போலத்தான், பல்லையும் நடையையும் பார்க்கத் தெரிந்தவர்கள். எனக்குக் கவலையாக இருப்பது அதற்கு அடுத்த கட்டம். மாவட்டத் தேர்வில் எடுக்கப்பட்ட 14 வயதுப் பையன் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இல்லை என்றால் ஏன் இல்லை என்று அவனிடம் சொல்ல வேண்டியவர் யார்? கைவீச்சில் கோளாறா, உயரம் போதவில்லையா, அல்லது அன்றைக்கு நெட்ஸில் நாலு பந்து சரியாக விழவில்லை, அவ்வளவுதானா? பட்டியல் வாட்ஸ்அப்பில் வரும். பெயர் இருக்கும், அல்லது இருக்காது. காரணம் அதில் வராது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. முகாமுக்கு எடுக்கும் ஒவ்வொரு பையன் பெயருக்கும் எதிரில் இன்னொரு பெயரை எழுத வேண்டும். இவனுடைய பந்துவீச்சுக்கு, இவனுடைய பேட்டிங்குக்கு, இரண்டு ஆண்டு வரை இன்னார் பொறுப்பு என்று. பையனை நீக்கினால் அந்த ஆள் காரணத்தை எழுதி, பையனிடமும் அவன் பெற்றோரிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்குப் பின் அந்த ஏடுகளைப் புரட்டினால் எந்த ஆசானிடம் போன பையன்கள் வளர்ந்தார்கள், எந்த இடத்தில் வரிசையாக வாடினார்கள் என்பது தெரிந்துவிடும். பயிற்சியாளர்கள் பயந்து சாதாரண ஆட்களையே எடுப்பார்கள், துணிந்து எவனையும் முயற்சி செய்ய மாட்டார்கள் என்று இதற்கு மறுப்பு வரும். வரட்டும். இன்றைக்கு அந்தப் பயம் முழுவதையும் பதினான்கு வயதுப் பையன் ஒருவனே சுமக்கிறான். அதில் பாதியைப் பெரியவர் தோளுக்கு மாற்றுவதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நடராஜன் ஐபிஎல் ஆடிய சட்டையின் முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று அச்சிட்டிருந்தார். ஜேபி என்பது சின்னப்பம்பட்டியில் அவரைக் கண்டெடுத்துப் பின்னாலேயே நின்ற ஜெயபிரகாஷ். 2023 ஜூனில் அதே ஊரில் நடராஜன் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டி முடித்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தோடு நிற்கும் ஒரு பையனிடம் உனக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், இன்றைக்கு அவனால் கைகாட்ட முடியும்.